எல்லாரும் வந்தாச்சு

அந்த ஞாயிறு நண்பகல் எங்கள் கைப்பேசிகளுக்கு வந்த ஜனாஸா அறிவித்தலை அனுப்பியவர் றசீன். இறந்தவரும் றசீன்தான்.

இதை எழுதும்போதும் எங்கோ ஒரு பிழை நடந்துவிட்டது போலத்தான் எனக்கு இருக்கிறது. நிந்தவூரில் அவரை அறிந்த உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாயப் போதனாசிரியராக என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த றசீன், ஊரில் யார் மௌத்தானாலும் முதலில் அறிவிக்கிற ஆள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமுவதற்குள் அவருடைய வட்ஸ்அப் செய்தி எல்லாக் குழுக்களுக்கும் போய்விடும். பெயர், யாருடைய மகன், யாருடைய கணவர், எப்போது நல்லடக்கம். அந்த ஒழுங்கு ஒருநாளும் மாறாது.

"என்ன மச்சான், ஆள் மௌத்தாகிறதுக்கு முந்தியே எழுதி வச்சிருவியா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"ஓம், உன்டதும் கிடக்கு. நேரம் மட்டுந்தான் போடணும்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

அன்று நாங்கள் ஆறு பேர் அவரவர் வண்டியில் பொத்துவில் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் ரெலி, அதாவது பேரணி, பார்க்கப் போயிருந்தோம். காலையில் போய் மாலையில் திரும்புகிற பயணம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் அந்த வெயிலில் தோல் ஜக்கெட்டோடு வெந்துகொண்டிருந்தார்கள். பழைய வண்டிகளை ஒரு பக்கம் வரிசையாக விட்டிருந்தார்கள். நாங்கள் ஒரு மரநிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது எல்லோருடைய கைப்பேசியும் ஒன்றாக முனகியது.

"யாரோ மௌத்து. றசீன் சேர் போட்டிரிக்கார்" என்றார் பௌசர். நிந்தவூர்ச் சந்தியில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். எங்கள் கூட்டத்தில் வேகமும் அவருக்குத்தான், வாயும் அவருக்குத்தான். நாங்கள் வழக்கம்போல இன்னாலில்லாஹி சொன்னோம். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தோம். இரண்டு பேர் குழுவில் பதிலும் போட்டார்கள், பெயரை வாசிக்காமலே. பௌசர்தான் பிறகு விரலை வழித்துவிட்டு வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"இது யாரட பேர்?" என்றார். கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

நான் றசீனின் இலக்கத்துக்கு அழைத்தேன். மகன் எடுத்தான். "மாமா, வாப்பா போயிட்டார். நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுக் கதிரையில இருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஏத்தக்குள்ளயே முடிஞ்சி. வாப்பாட பழைய நோட்டீஸ் ஒண்ட எடுத்துப் பேர மாத்திப் போட்டன்." அடக்கம் எப்போது என்று கேட்டேன். "அஸர் தொழுகைக்குப் பிறகு. வாப்பா எப்பயும் சொல்லுவாரே, ஜனாஸாவச் சுணக்கப்படாது எண்டு."

இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தவரே றசீன்தான். ஒரு மாதமாக எங்களை இருக்கவிடவில்லை: டயரைப் பார், பிரேக்கைப் பார், விளக்கைப் பார். புறப்படுகிற காலையில்தான் குரல் பதிவு ஒன்று அனுப்பினார்: "நெஞ்செரிவாக் கிடக்கு. நீங்க போங்க. நான் இல்லண்டு ஒருத்தனும் பறக்கப்படாது. யாராவது ஒராள் பின்னுக்கு நில்லுங்க." முதல்நாள் சாப்பிட்ட கலியாண வீட்டுச் சோறு அவரைப் பழிவாங்குகிறது என்று சொல்லிச் சிரித்தோம். நெஞ்செரிவு என்றால் சோடா குடித்தால் போய்விடும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது.

பின்னுக்கு நிற்பது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் றசீன் கடைசி ஆளாகத்தான் வருவார். கயிறு, பிளக், டியூப், பனடோல், பேரீச்சம்பழம் என்று சகலமும் அவருடைய பெட்டியில் இருக்கும். "முன்னுக்குப் போறவனுக்கு ரோட்டுத் தெரியும். பின்னுக்கு வாறவனுக்குத்தான் ஆக்களத் தெரியும்" என்பார். ஒருமுறை மலைநாட்டு ரெலி ஒன்றிலிருந்து திரும்பும்போது ஆளைக் காணவில்லை. நாங்கள் ஒரு தேநீர்க்கடையில் காத்திருந்து, அங்கிருந்த வடை முழுவதையும் முடித்துவிட்டோம். கடைசியில் வந்தார். முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பையனின் நின்றுபோன வண்டியை, தன் வண்டியில் இருந்தபடியே ஒற்றைக் காலால் தள்ளிக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். அவன் நம்முடைய கூட்டம் இல்லையே என்று பௌசர் எரிந்து விழுந்தார். "முன்னுக்கு ஒராள் விழுந்து கிடந்தா அவன்தான் கூட்டம்" என்றார் றசீன். பிறகுதான் பிளேன்டீ கேட்டார்.

வீடு திரும்பியபின் ஒவ்வொருவரும் வந்து சேர்ந்ததை அவருக்குச் சொல்ல வேண்டும். கடைசி ஆளும் சொன்ன பிறகு குழுவில் ஒரு வரி வரும்: "எல்லாரும் வந்தாச்சு." அதுவரை அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றுவதில்லை என்று அவருடைய மனைவி என் மனைவியிடம் குறைப்பட்டிருக்கிறார்.

அன்று காலை யாரும் பின்னால் நிற்கவில்லை. அவரவர் பறந்தோம். திரும்பும்போது எனக்கு என்ன தோன்றியதோ, நான் கடைசியாகப் புறப்பட்டேன். மற்றவர்களுக்கு ஒரே நினைப்பு: அஸருக்குள் ஊர் போக வேண்டும், முகத்தை மூடுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும். எனக்கும் அதுதான். எத்தனையோ வருடம் எதிர் மேசையில் இருந்த முகம். ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கின் ஒரு காலையாவது என் தோளில் வைக்காமல் அவரை எப்படி அனுப்புவது?

கோமாரி தாண்டி, காடு இருபுறமும் நெருங்குகிற இடத்தில் எனக்கு முன்னால் போன அன்ரன் விழுந்தார். எங்கள் ஆறு பேரில் ஒருவர்; சொறிக்கல்முனை விவசாயி, றசீன் வயல் பார்க்கப் போய்ச் சிநேகமானவர். அவருடைய பழைய வண்டியை அவ்வளவு வேகத்தில் ஓட்டவே கூடாது. மணலில் சறுக்கி, முழங்கால் கிழிந்து, கால் வீங்கிவிட்டது. முன்னால் போனவர்களைக் காணவில்லை. பௌசருக்கு அழைத்தேன்; மணி அடித்ததே தவிர எடுப்பார் இல்லை. வண்டியை அருகிலிருந்த வாடிக் கொட்டிலில் ஒப்படைத்துவிட்டு அன்ரனைப் பின்னால் ஏற்றித் திருக்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வாசலில் இறங்கியதும் அவர் சொன்னார்: "என்ன விட்டுட்டு நீங்க போங்க சேர். உங்கட ஆக்கள் காத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. நான் பஸ்ஸில வருவன்."

அப்போது புறப்பட்டிருந்தால் பிடித்திருக்கலாம். உண்மையில் நான் ஸ்டார்ட் செய்துவிட்டேன். பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். அன்ரன் ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியை நிறுத்தினேன். அந்த நேரம் எனக்கு றசீன் மீதுதான் ஆத்திரம் வந்தது. செத்த பிறகும் மனிதரை விடமாட்டாயா என்று வாய்விட்டே திட்டினேன். காயத்துக்குத் தையல் போடும்வரை வாங்குப் பலகையில் இருந்தேன். அஸர் பாங்கு நேரம் அங்கேயே போனது.

நாங்கள் அடக்கம் நடந்த மையவாடிக்கு வந்தபோது சனம் கலைந்துவிட்டது. பௌசர் மட்டும் வாசலில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க நிண்ட நீ? எல்லாம் முடிஞ்சி. முகத்த மூடக்குள்ள உன்னத்தான் எல்லாரும் தேடின" என்று கத்தினார். அப்புறம்தான் அன்ரனின் கட்டுப்போட்ட காலைக் கண்டார். "நான் ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டுச் சிறுபிள்ளை போல அழுதார்.

ஜனாஸாத் தொழுகை தவறியவர்கள் கப்றடியில், அடக்கிய மண்ணருகே, நின்று தொழலாம். தொழுதேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்த பிறகும் மனம் ஏற்கவில்லை. காலையில்தானே குரல் கேட்டேன், வயது ஐம்பத்திரண்டுதானே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்ரன் செருப்பைக் கழற்றிவிட்டு நொண்டி நொண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். சிலுவை போடத் தூக்கிய கையைப் பாதியில் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் நின்று கதைப்பதுபோலச் சத்தமாகச் சொன்னார்: "றசீன் சேர், எல்லாரும் வந்தாச்சு."

நான் உடைந்தது அப்போதுதான்.

அவருடைய மோட்டார் சைக்கிள் மகனுக்குப் போய்விட்டது. அந்தப் பெட்டியைப் பௌசர் கேட்டு வாங்கிக்கொண்டார். கயிறும் பிளக்கும் அப்படியே இருக்கின்றன. எனக்கு அவருடைய கடைசி இடம் போதும். இனி இந்தக் கூட்டம் எங்கே போனாலும் பின்னால் வருவது நான்தான். சந்தூக்கைச் சுமக்க முடியாமற்போன தோளுக்கு அதுவாவது பாரமாக இருக்கட்டும்.

அல்லாஹ் அவரை நல்லடியார்களின் முன் வரிசையில் வைக்கட்டும். அவருக்கு அந்த இடம் பிடிக்காது. நாங்கள் வருகிறோமா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஆனாலும் வைக்கட்டும்.