திரைக்கு முதுகு காட்டி உட்காருபவள்

சித்ரா முதலில் கடை ஷட்டரைத் தொடுகிறாள். அதில் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிகிற இடம் ஒன்று உண்டு. அவள் விரல் பட்டுப் பட்டே உதிர்ந்த இடம். அதைத் தொட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பாள். புதிதாக வருகிறவர்கள் தொழில் பக்தி என்று நினைத்து, தாங்களும் ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"பக்தியெல்லாம் இல்லீங்க மொதலாளி. நம்ம ஒடம்புல துளி கரண்டு நிக்கும். போர்டத் தொட்டா அதுல எறங்கி, போர்டு செத்துப்போயிரும். இரும்பத் தொட்டா இரும்பு வாங்கிக்கும், அவ்வளவுதானுங்க."

அப்புறம் வளையல்களைக் கழற்றி, ஸ்குரூ டிரைவர் தொங்கும் ஆணியில் மாட்டுவாள். பக்கத்தில் ஒரு பழைய இட்லித் தட்டு இருக்கும். குழிக்கு ஒரு வகை ஸ்குரூ. மதியம் அவள் புருஷன் தனபால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தால், "தட்டுல கையி வெச்சுப்போடாதீங்க" என்பதுதான் அவள் சொல்லும் முதல் வார்த்தை. சாப்பிடறீங்களா என்பது இரண்டாவது.

என் மகள் வயதுதான் அவளுக்கு. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்து, திருச்செங்கோட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். சங்ககிரி ரோட்டில் அவள் கடை இருக்கும் கட்டடம் என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டிய கட்டடம். மேலே என் ரிக் ஆபீஸ்; ரிக் என்றால் போர்வெல் போடுகிற வண்டி. என் வண்டிகள் போர் போடாத மாநிலம் வடக்கே ஒன்றிரண்டுதான் பாக்கி. அப்படிப்பட்ட நான் காலையில் மாடிக்கு ஏறுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றால், அங்கே பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அவள் விற்பது கம்ப்யூட்டர். அதுவும் வீடியோ கேம் ஆட்டம் ஆடுவதற்கென்றே பாகம் பாகமாக வாங்கி மாட்டிக் கொடுக்கிற கம்ப்யூட்டர். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைகள். எடுத்ததும், திரையில் படம் வரைகிற ஒரு பெரிய கார்டின் பேரைச் சொல்லுவார்கள். சித்ரா அதைக் காதில் வாங்கவே மாட்டாள். "என்ன ஆட்டம் சாமி? எவ்வளவு பெரிய ஸ்கிரீனு?" என்பாள். இந்த இரண்டுக்கும் பதில் வராமல் அவள் வாயிலிருந்து விலை வராது.

ஒருநாள் யுவஸ்ரீ என்று ஒரு காலேஜ் பெண் வந்து, இருப்பதிலேயே வேகமான புராசசர் வேண்டும் என்று நின்றது. அதனிடம் ஏற்கெனவே நல்ல புராசசர்தான் இருந்தது. ஆனால் ஆடுவது சுவர் அகலத் திரையில். காடும் மலையும் ஆறுமாக வருகிற ஆட்டம். "உனக்கு ராடு எறக்க ஆளு இருக்குது கண்ணு. காத்துதான் பத்தல. பெரிய கார்டு ஒண்ணு கைக்கு வந்தாச் சொல்றேன், அது வரைக்கும் ஒண்ணையும் வாங்காத," என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ராடு, காற்று எல்லாம் எங்கள் ரிக் தொழில் பேச்சு; ஆள் ராடை இறக்க இறக்க, கம்ப்ரசர் காற்றுதான் பாறையை உடைக்கும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரிக்காரன் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மிஷினை மாட்டி முடித்ததும் வாங்கியவரை உட்காரவைத்து ஆடச் சொல்வாள். ஆடும்போது இவள் திரையைப் பார்ப்பதில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி, ஆடுகிறவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொள்வாள். திரையின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு. அறுபது வந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். இருபதுக்கு இறங்கினால் திக்கித் திக்கி நிற்கும். அந்த எண்ணைக்கூட என்னைத்தான் படிக்கச் சொல்வாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நம்பரு பொய் சொல்லுமுங்க. மூஞ்சி சொல்லாது."

கடைக்கு எதிரேதான் எங்கள் வண்டிகள் ரிவர்ஸ் எடுக்கும். கிளீனர் பின்னால் நின்று லாரியின் பக்கத்தில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. டப் டப் என்று அது கேட்டவுடனே சித்ரா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். "ஏனப்பா, வண்டியத் தட்டறயா, என் கடையத் தட்டறயா? இங்க ஸ்குரூ எல்லாம் குழி மாறி உழுகுது!" கிளீனர் பையன்கள் வேண்டுமென்றே இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

இப்போது கந்தப்பன் கதைக்கு வருகிறேன். என் முதல் ரிக் வண்டிக்கு டிரைவராக வந்தவன் கந்தப்பன். நானும் அவனும் ஒரே ஸ்டவ்வில் பொங்கித் தின்றவர்கள். மலைப்பாதையில் ரிக் வண்டியைப் பின்னாலேயே ஏற்றச் சொன்னாலும் ஏற்றுவான். சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் மற்ற முதலாளிமார் அவனைக் காட்டி, "இந்த ஆளு யாரோட டிரைவரு?" என்று கேட்டால், என்னோட டிரைவர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். போன ஆடியில் அவனுக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. கால் திரும்பி வந்தது. கை பாதி வந்தது. இனிமேல் ஸ்டீரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் மகன் தனசேகர் வடக்கே ஒரு ரிக்கில் மேனேஜர். அப்பன் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பதாக அம்மா செல்லியம்மாள் போனில் அழுததைக் கேட்டு, லீவில் வந்தவன் ஒரு காரியம் செய்தான். லாரி ஓட்டுகிற ஆட்டம் ஒன்று, மேஜையில் மாட்டும் ஸ்டீரிங், காலுக்குப் பெடல் எல்லாம் வாங்கினான். வீட்டிலிருந்த பழைய கணக்குக் கம்ப்யூட்டருக்குள், சேலத்தில் ஏதோ ஒரு கடையில் இருந்ததிலேயே பெரிய கார்டை மாட்டிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினான். இதை இந்த ஊர்க்காரன்தான் செய்வான். போர் இறங்கவில்லை என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இன்னும் பெரிய கம்ப்ரசர். யாருடைய கம்ப்ரசர் பெரிதோ அவனுக்குத்தான் மரியாதை. அந்தக் கம்ப்ரசரால்தான் நானும் ஆளானேன். அதனால் தனசேகரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சில நாள் கழித்து ஒரு ஆட்டோவில் அந்தக் கம்ப்யூட்டர், ஸ்டீரிங் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கந்தப்பனும் செல்லியம்மாளும் சித்ரா கடை முன்னால் வந்து இறங்கினார்கள்.

"இதை வித்துப்போடு அம்மணி. பையங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத," என்றான் கந்தப்பன்.

"ஏனுங்கண்ணா, ஆட்டம் புடிக்கலீங்களா?"

செல்லியம்மாள்தான் சொன்னாள். "ஓட்டறாரு, சித்தெ நேரத்துல தலை சுத்தி வாந்தி எடுத்துப்போடறாரு. அப்பறம் ரெண்டு நாளைக்குப் பேச்சே இல்ல."

கந்தப்பன் வெளியே போகிற வண்டிகளைப் பார்த்தபடியே சொன்னான். "மிஷினு நல்ல மிஷினு. எனக்குத்தான் தலைக்குள்ள விட்டு விட்டு வருது. ரோடு நிக்குது, அப்பறம் குதிக்குது. டாக்டரு கையி காலைத்தான் சொன்னாரு. இது மூளை. அவ்வளவுதான், நம்ம ஓட்டம் முடிஞ்சுது."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

சித்ரா ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "ஓட்டிப் பாக்காம நான் எதையும் வாங்கறதில்லீங்க. உக்காருங்க," என்றாள். ஸ்டீரிங்கை மேஜையில் மாட்டி, ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். வெறும் சாலையில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. ஊருக்குள் நுழைந்து, நாலு பக்கமும் வண்டியும் சிக்னலும் வந்ததும் திக்க ஆரம்பித்தது. கந்தப்பன் தாடை இறுகியது. "நம்பரச் சொல்லுங்க மொதலாளி" என்றாள். உள்ளே வந்து, இருபது, பதினேழு என்று படித்தேன்.

பிறகு அவள் படத்தின் அழகை எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைத்தாள். நிழல் போயிற்று. மரத்தில் இலை போயிற்று. கடைசியில் அட்டையில் வெட்டி ஒட்டின மாதிரி ஒரு ஊர்தான் மிச்சம் இருந்தது. "இப்ப நம்பரு?" அதே பதினேழு.

சித்ரா தொடையில் தட்டினாள். "கேளுங்கண்ணா. படம் வரையறது இந்தப் பெரிய கார்டு. வேலையப் பாதியாக் கொறைச்சுட்டேன். அதுக்குச் சங்கடம்னா இந்நேரம் பறக்கோணும். பறக்கல. ஏன்னா அது சும்மா உக்காந்திருக்குது. எந்த வண்டி எங்க வருது, எந்த சிக்னலு மாறுது, உங்க டயரு எந்தக் குழியில எறங்குதுன்னு கணக்குப் போட்டுச் சொல்றது புராசசரு. அது கெழடு. ரோட்டுல நாலு வண்டி வந்தாலே அதுக்கு மூச்சு வாங்குது. அது சொன்னாத்தானுங்க கார்டு வரையும். கம்ப்ரசரு ஆயிரம் அடிக்குப் போட்டு என்ன பிரயோசனம்? ராடு எறக்கறவன் தூங்கறான்!"

கந்தப்பன் சிரித்தான். நம்பின சிரிப்பு இல்லை அது. "எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற அம்மணி."

"அப்ப மொதலாளி ஓட்டட்டும். அவருக்குத் தலை நல்லாத்தான இருக்குது?"

என் தலை எப்படி என்று இந்தத் தாலுகாவுக்கே தெரியும். உட்கார்ந்து ஓட்டினேன். அதே ஊருக்குள், அதே இடத்தில் எனக்கும் ரோடு நின்று குதித்தது. வண்டி போய் ஒரு கடைக்குள் ஏறிவிட்டது.

"பாத்தீங்களா!" என்றாள் சித்ரா.

"மொதலாளி எப்பவுமே அப்படித்தானே ஓட்டுவாரு," என்றான் கந்தப்பன்.

செல்லியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் சொன்னதால் விட்டுவிட்டேன். ஆனால் அவன் நம்பவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மிஷினை அங்கேயே விட்டுவிட்டு, செல்லியம்மாளின் தோளைப் பிடித்தபடி படி இறங்கிப் போனான்.

சித்ரா அதை அப்படியே விற்றுவிடவில்லை. பெரிய கார்டைக் கழற்றி யுவஸ்ரீக்குக் கொடுத்தாள். சுவர் அகலத் திரைக்கு அது சரியாக இருந்தது. அந்தக் காசில் நடுத்தரமான கார்டு ஒன்று, புதிய புராசசர், அதற்கு ஏற்ற போர்டு எல்லாம் சேலத்திலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தாள். "இஞ்சினை மாத்துனா சேசிஸையும் மாத்தோணுமுங்க, பழைய போர்டுல இது உக்காராது" என்று எனக்கு விளக்கினாள். கார்டு சின்னதாகிவிட்டதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வெளிப்படையாகவே கேட்டேன்.

"அவுரு ஸ்கிரீனு சின்னது, அதுக்கு இதே மிச்சமுங்க. மாடிக்குப் போங்க மொதலாளி, இங்க வந்து கம்ப்ரசரு விக்காதீங்க," என்றாள். என்னிடம் இப்படிப் பேசுகிற ஆள் திருச்செங்கோட்டில் இரண்டே பேர். இன்னொரு ஆள் என் வீட்டில் இருக்கிறாள்.

ஷட்டரைத் தொட்டு, வளையலைக் கழற்றி, அன்று காலை அவள் அந்தப் பெட்டியை மாட்டியதை முழுக்கப் பார்த்தேன். மற்ற பெட்டிகளை மாட்டும்போது வாய் ஓயாது. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லித் தட்டில் ஒரு ஸ்குரூ மிஞ்சியது. முழுவதையும் பிரித்து மறுபடி மாட்டினாள்.

கந்தப்பன் வர மாட்டேன் என்றானாம். செல்லியம்மாள்தான் கோயிலுக்கு என்று கிளப்பி, பாதி வழியில் ஆட்டோவை இங்கே திருப்பியிருக்கிறாள். வந்தவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். சித்ரா ஸ்டூலைப் போட்டுத் திரைக்கு முதுகைக் காட்டினாள்.

வெறும் சாலை போயிற்று. ஊர் வந்தது. முன்னால் பஸ், பக்கத்தில் கார், மேலே சிக்னல். கந்தப்பன் தாடை இறுகியது. குதிக்கப் போகிறது என்று அவன் காத்திருந்தான். நானும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதில் நின்ற எண் ஐம்பத்தெட்டுக்கு வந்தது, மறுபடி அறுபதுக்கே போயிற்று. நான் வண்டியை ஏற்றிய அந்தக் கடையும் பின்னால் போய்விட்டது. ஊரே பின்னால் போய்விட்டது.

சித்ரா என்னிடம் நம்பர் கேட்கவில்லை.

அவன் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமாக விடுபட்டது. மடியில் கிடந்த இடது கை, யாரும் சொல்லாமலேயே எழுந்து போய் ஸ்டீரிங்கின் மேல் உட்கார்ந்தது. செல்லியம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரக்கு இறக்கும் இடம் வந்தது. வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு லாரிகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். கந்தப்பன் சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்தான். வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பார்த்தபடியே, எங்கள் யார் நினைவும் இல்லாமல், பழைய குரலில், கிளீனருக்குப் போடுகிற ஒரு அதட்டல் போட்டான்.

"டேய், எடதுல பாருடா!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். கால் பிரேக்கிலேயே நின்றது. கடையில் யாரும் சிரிக்கவில்லை.

சித்ரா ஸ்டூலோடு திரைப்பக்கம் திரும்பினாள். இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். பிறகு வளையல் இல்லாத கையை ஓங்கி, அந்தப் பெட்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.