மருமகள் வாசித்த மாமியார்

முள்ளிப்பட்டு கன்னியம்மாள் காலையில் கும்பிடுகிற சாமிகளோடு ஒரு நாவலாசிரியரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. படவேட்டு அம்மனுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. எங்கிருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்பாள்.

கன்னியம்மாளுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பட்டிழையைத் திரித்துச் சேர்க்க வேண்டும். கண்ணை எடுத்தால் வரிசை தப்பிவிடும். ஆனால் கதை இல்லாமல் அவளால் இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படியொரு பைத்தியம். அதனால் அவள் பிணைக்கப் பிணைக்க, மருமகள் பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள்.

அந்த ஆசிரியரின் நாவல் கைக்கு வந்தபோது வீட்டில் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. நர்சிங் படித்த பவித்ராவுக்கு வேலூரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கன்னியம்மாள் ஒரேயடியாக முடியாது என்றுவிட்டாள். மகன் ஜெயக்குமார், அம்மா சொன்னால் சரி என்று தறிக்குழிக்குள் இறங்கிக்கொண்டான். பேச்சு நின்றாலும் வாசிப்பு நிற்கவில்லை. அது வேறு கணக்கு.

நாவலிலும் ஒரு மருமகள். டீச்சர் வேலைக்குப் போக ஆசைப்பட்டாள், மாமியார் விடவில்லை. கன்னியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"போவட்டும் வுடேன்டி, பாவி!" என்று இழையைத் திரித்தபடியே அந்த மாமியாரைத் திட்டினாள். பவித்ரா பக்கத்தைப் புரட்டி, அந்த மாமியாரின் பதிலை வாசித்தாள்.

"நீ சம்பாதிச்சுதான் இந்த வீட்டுல உலை கொதிக்கணுமா?"

கன்னியம்மாளின் விரல் நின்றது. போன வாரம் அவள் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை.

"இன்னாடி, நீயா சேத்துகினு படிக்கிறியா?"

"இல்ல அத்தை, புக்குலயே கீது."

"குடு இங்க."

பிணைத்த இழையை அப்படியே விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். சத்தியமாக அச்சடித்திருந்தது. பவித்ராவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பாதிப் பாவு தறியில் கிடக்க, சாப்பிடக்கூட எழாமல் மீதியைத் தானே வாசித்தாள். அந்த மாமியார் கெட்டவளே இல்லை என்பதுதான் அவளை உலுக்கியது. மருமகளுக்குத் தலை வாரிவிட்டாள், காய்ச்சலில் பக்கத்திலேயே கிடந்தாள். எல்லாவற்றையும் பிரியமாகச் செய்து, பிரியமாகவே அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். இவ்வளவு தெரிந்தும் எழுதியவர் அவளை ஒரு இடத்திலும் திட்டவில்லை. தன்னை யாரும் இப்படிப் புரிந்துகொண்டதில்லை என்று நினைத்த கன்னியம்மாள், அட்டையைத் திருப்பி எழுதியவர் பெயரை மறுபடி வாசித்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் புத்தகத்தை மூடினாள். பவித்ராவுக்கும் கதை பாதியில் நின்றிருந்தது.

"முடிவு இன்னா அத்தை? அந்தப் பொண்ணு வேலைக்குப் போச்சா?"

கன்னியம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா. கடைசி வரைக்கும் அனுப்பவே இல்ல. நீ போய்ட்டு வா."