தையல்கார அக்காவின் இடுப்பளவு

தெருமுனைத் தையல்கடைக்காரியை எல்லாரும் 'கத்திரி அக்கா' என்பார்கள். துணியை மட்டுமல்ல, எதிராளியின் பேச்சையும் வெட்டுவார். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் எக்கச்சக்கம் என்று வந்ததிலிருந்து அந்த வாய் அடங்கிவிட்டது.

"ரெண்டுல ஒண்ணும்மா," என்றார் டாக்டர். "ரெண்டுமே மெதுவா வளர்ற ரத்தப் புற்றுநோய். ரத்தத்துல பாத்தா ஒண்ணு போலவே இருக்கும். முதலாவதுன்னா மாத்திரையோட பல வருஷம் ஓட்டலாம். மத்ததுல எலும்பு மஜ்ஜை தழும்பாகி இறுகிடலாம், மண்ணீரலும் வீங்கலாம். மஜ்ஜை டெஸ்ட் ரிசல்ட் வந்தாதான் சொல்ல முடியும்."

ரிசல்ட் நாளைக்கு. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மண்ணீரல் வீங்கினால் வயிறு பெருக்குமே என்று தினமும் டேப்பால் இடுப்பை அளந்து வந்தார். இன்று தானே பார்க்கத் துணிவில்லாமல், கூடவே தைக்கும் கணவரிடம் டேப்பை நீட்டினார்.

"முப்பத்தஞ்சு," என்றார் அவர்.

நேற்று முப்பத்துநாலு. "போச்சுங்க. அந்த ரெண்டாவதுதான்."

கணவர் குனிந்து பார்த்தார். டேப்புக்கும் இடுப்புக்கும் நடுவே அவருடைய இரண்டு விரல்கள் இருந்தன.

"அடியே, பழக்கதோஷம்! லூஸ் விட்டு அளந்துட்டேன்."

"கட்டின பொண்டாட்டியையும் கஸ்டமராக்கிட்டீங்களே!" சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "இனிமே என்னை அளக்காதீங்க. நாளைக்கு டாக்டரே சொல்லட்டும்."

அக்கா தைக்க உட்கார்ந்தார். ஊசிக் காதில் நூல் நுழையவே மாட்டேன் என்றது. கணவர் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தார்.