சிதம்பரத்துக் கவுன்சிலர்

எங்கள் அப்பா சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தவர். தம்பியைப் படிக்க வைப்பதற்காகத் தம் படிப்பை நிறுத்திவிட்டுக் கடலூருக்கு வந்து, செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். திருப்பாதிரிப்புலியூரில் வீடு கட்டியதும், சித்தப்பாவை ஆளாக்கியதும், ஒரே மகளான என்னைக் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் அப்பாவைச் 'சந்தேகப் பேர்வழி' என்று கேலி செய்தவர்கள்; மறுக்க வேண்டாம். தொழிற்சாலையில் வால்வை மூடியாயிற்று என்று எத்தனை பேர் சொன்னாலும், தம் கையால் ஒரு முறை திருகிப் பார்த்த பிறகே அப்பா நகர்வார். அவர் பொறுப்பில் இருந்த ஷிஃப்டில் யார் கையிலும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. தேவனாம்பட்டினத்தில் அப்போதுதான் படகிலிருந்து இறக்கிய மீனையும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். வெளியூர் கிளம்பினால், நாங்கள் பூட்டிய பூட்டைக் காட்டி, "இன்னொரு தரம் இழு" என்பார். அப்படி எல்லாவற்றையும் சந்தேகித்தவர், சென்ற ஆண்டு ஒரு காலையில் வந்த நெஞ்சு வலியை மட்டும் வாயு என்று நம்பிவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

காரியம் முடிந்ததும் நான் குடும்பத்தோடு அம்மாவிடமே வந்துவிட்டேன். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வாசலுக்குக்கூட வரவில்லை. திடீரென்று ஒரு வியாழக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குக் கிளம்பினார். எதற்கு என்றேன். "கவுன்சிலரப் பாக்கணும்" என்றார். அடுத்த வியாழனும் அதேதான்.

எங்கள் வார்டு கவுன்சிலர் அடுத்த தெருவில் இருக்கிறார். சிதம்பரத்தில் எங்களுக்கு ஏது கவுன்சிலர்? அங்கே எங்களுக்கு இருப்பதெல்லாம் அப்பாவின் பூர்வீக மனை ஒன்று. அப்பாவின் புத்தி எனக்கும் உண்டு அல்லவா, சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரோ அண்ணியப் புடிச்சி மனைய எழுதி வாங்கப் பாக்குறாங்க. நீ கூடவே போ, உடாத" என்றார். அவர் சொன்ன வேகத்தில் எனக்குச் சித்தப்பா மேலேயே கொஞ்சம் சந்தேகம் வந்தது. இதைப் படித்துவிட்டு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

மறு வியாழன் நானும் பஸ் ஏறினேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் பையைத் திறந்தபோதெல்லாம் நான் எட்டிப் பார்த்தேன். சிதம்பரத்தில் இறங்கி, கீழ வீதியைத் தாண்டி ஒரு சந்தில் மாடி ஏறினார். மேலே கட்சிக்கொடியும் இல்லை, கரைவேட்டியும் இல்லை. சில நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் குடம், என் வயதில் ஒரு பெண். துக்கத்தோடு வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்களைப் பேச வைப்பது அந்தப் பெண்ணின் வேலை. கவுன்சலிங் தருகிற அவரைத்தான் அம்மா கவுன்சிலர் என்றிருக்கிறார். தூக்கம் வரவில்லை என்று போனில் சொன்னபோது டாக்டர் அனுப்பி வைத்தாராம். கடலூரிலேயே ஆள் இருந்தும், தெரிந்தவர்கள் பார்த்தால் பைத்தியம் என்று பேசுவார்களோ என்று அம்மாதான் வெளியூரில் கேட்டிருக்கிறார்.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வெறும் பேச்சில் என்ன தீரும்? அந்தப் பெண், மகளும் உள்ளே உட்காரலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையாட்டிவிட்டு, புடவைத் தலைப்பைச் சுருட்டியபடி என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவாம மோருல பெருங்காயத்தக் கலக்கிக் குடுத்தவ நான்தான். காரியத்துக்கு வந்தவங்க எல்லாம் அதத்தான் பேசிக்கிட்டாங்க. நீயும் அதுக்குத்தான என்ன ஒரு மாதிரியா பாக்குற?"

நான் பார்த்தது மனைக்காக. அம்மா அந்தப் பார்வையை இப்படி எடுத்துக்கொண்டு, ஒரே வீட்டில் என்னோடு இருந்துகொண்டே தனியாக வெந்துகொண்டிருந்திருக்கிறார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்குக் காலைல அப்பா எனக்குப் போன் பண்ணாரும்மா. வாயுதான், மோரு குடிச்சா சரியாப் பூடும், நீ வராதன்னாரு. அவரு சொன்னா நம்ம வூட்ல அப்பீல் ஏது?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வெகுநேரம் அழுதார். அந்தப் பெண் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு இருவருக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு வியாழன்தோறும் இரண்டு பேருமாகப் போய் வருகிறோம். துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மா இப்போது தூங்குகிறார்.

அப்பாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும், காரியம் வரை எங்களுக்குச் சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கும், எங்களைத் தாங்கி நிற்கும் சித்தப்பாவுக்கும், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சிதம்பரத்துக் கவுன்சிலருக்கும் எங்கள் நன்றி. அன்று யாராவது மோரைப் பற்றிப் பேசியிருந்தால், இன்று வருஷத் திவசத்துச் சாப்பாடு முடித்துக் கிளம்பும் முன் அம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். யார் சொல்லவில்லை என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

போன வியாழன் கிளம்பும்போது வீட்டைப் பூட்டினேன். படி இறங்கிவிட்ட அம்மா திரும்பிப் பார்த்து, "இன்னொரு தரம் இழு" என்றார். இழுத்துக் காட்டினேன்.

மகள்