பத்து வாசல் வீடு

காலை 6.40. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டி ஏறினேன். கல்லிடைக்குறிச்சிக்கு முப்பத்திரண்டு ரூபாய். திருச்சியில் ஓவிய ஆசிரியனாகக் காலம் தள்ளுகிற எனக்கு, இன்று ஒரே ஒரு படம் வரைய வேண்டியிருந்தது.

சேரன்மகாதேவி தாண்டி மலை தெரிந்ததும் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பாளையங்கோட்டைப் பள்ளியில் என் பெஞ்சுக்காரன் முருகையா. மாஞ்சோலை எஸ்டேட் பையன். விடுதியில் தங்கிப் படித்தான். அவன் சட்டையில் எப்போதும் தேயிலை வாசம் அடிக்கும், அது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒருநாள் டிராயிங் பீரியடில் ‘என் வீடு’ வரையச் சொன்னார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே குடிசை என்று எல்லோரும் வரைந்து தள்ளினோம். எங்கள் தெருக்களில் மலையும் கிடையாது, குடிசையும் கிடையாது. நிஜமாகவே மலையில் வீடு இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனோ எஸ்டேட் குடியிருப்பின் ஒரே நீளக் கூரையும், குடும்பத்துக்கு ஒன்றாகப் பத்து வாசலும் வரைந்தான்.

“என்னலே, ரயிலு வரைஞ்சிருக்கே?” என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அதை ரப்பரால் அழித்துவிட்டு, எங்களைப் போலவே ஒரு குடிசை போட்டான். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அதனால்தான் இன்று நான் நடத்துகிற வகுப்பில் யாரும் தன் வீட்டை வரைவதில்லை. பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளையின் வீட்டை வரைய வேண்டும். மாடி வீட்டுப் பிள்ளை, “ஒரே ரூம்ல ஆறு பேரும் எப்படிப் படுப்பீங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். அப்புறம் கேலி செய்ய அதற்கு வாய் வருவதில்லை.

8.10. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறுக்கு ஆட்டோ, இருநூறு ரூபாய்.

“மாஞ்சோலைக்கா அண்ணாச்சி? அங்கன இப்ப யாரு இருக்கா? எஸ்டேட்டை மூடுனதும் எல்லாரும் கீழ இறங்கியாச்சுல்லா” என்றார் ஓட்டுநர்.

“இறங்கினவனைத்தான் பாக்கப் போறேன்.”

வாடகை வீட்டு வாசலில் முருகையா நின்றான். தலை நரைத்துவிட்டது, சிரிப்பு அதேதான். விட்டு வந்த எஸ்டேட் வீட்டுக்கு ஒரு போட்டோகூட இல்லை என்று போனில் வருத்தப்பட்டிருந்தான். நோட்டைப் பிரித்தேன்.

“நீ சொல்லு, நான் வரையுதேன்.”

“கூரையை இன்னும் இழுலே. அஞ்சாவது வாசல் எங்களுது, முன்னால ரெண்டு படி. ஆறாவது வாசல்ல ஒரு நாய் படுத்தே கிடக்கும், அதையும் போடு. பைய, பைய.”

முடித்தபோது மணி பதினொன்று. “இப்பவும் ரயிலு மாதிரிதாம்லே இருக்கு” என்று சிரித்தான். அவனும் மறக்கவில்லை.

“ரப்பரைக் கொடு” என்றான். படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

பழக்க தோஷத்தில் பத்துக் கதவையும் நான் மூடியே வரைந்திருந்தேன். ஐந்தாவது கதவை மட்டும் அழித்தான். பென்சிலை வாங்கி, அதைத் தன் கையாலேயே திறந்து வரைந்தான்.

“நாங்க இருந்தவரைக்கும் பகல்ல பூட்டினதே இல்லலே” என்றான்.