படிகாரம் போடாத ரொட்டி

மயிலாப்பூரில் டிராம் ஓடிய நாளில், சாந்தோமிலிருந்து எங்கள் தெருவுக்குத் தகரப்பெட்டியில் ரொட்டி கொண்டுவருவார் ஒரு சிவப்புக் குல்லாய்க்காரர். ஒவ்வொரு ரொட்டியையும் குழந்தையைப் போலத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தருவார்.

ரொட்டி வெளுக்கப் படிகாரம் சேர்க்கிறார்கள், வயிற்றுக்கு ஆகாது என்று பத்திரிகையில் படித்துவிட்டு, அவரை வாசலில் நிறுத்தி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். "சரி சாமி" என்றார்.

மறுநாள் ஒரு ரொட்டியை நீட்டினார்.

"என்னய்யா இது, அழுக்கு வேஷ்டி நிறத்துல? நேத்திக்கு மாதிரி வெள்ளையாக் குடும்!" என்றேன்.

பெட்டிக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்துத் தட்டினார்.

"இந்தாங்க சாமி, வெள்ளை. இதுல படிகாரம் கீது. அது நீங்க சொன்னீங்கன்னு போடாம சுட்டது."

வெள்ளையைத்தான் வாங்கிக்கொண்டேன். அவர் கொஞ்சம் சிரித்திருந்தால் அன்றைக்கே அவரை மறந்திருப்பேன்.