மௌன இல்லத்தில் ஓர் ஏலக்காரர்

கிளிஞ்சல்மேட்டு அரசப்பனுக்கு ஊரில் உள்ள அத்தனை பேருடைய மூக்கும் காதும் புருவமும் அத்துப்படி. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷமாக மீன் ஏலம் விடுகிற மனிதர். அங்கே விலை கேட்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் பக்கத்தில் நிற்பவள் சும்மா இருப்பாளா, ஒன்று கூட்டிக் கேட்பாள். அதனால் எல்லாம் சாடைதான். மீன் விற்கிற பூவாயி மூக்குத்தியைத் தொட்டால் ஏற்றுகிறாள். கேரளாவுக்கு அனுப்புகிற வியாபாரி காதைச் சொறிந்தால் அவரும் ஏற்றுகிறார். நிஜமாகவே காது அரித்தால் பாவம், சொறியாமல் நிற்க வேண்டியதுதான்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் சாடை காட்டி, அதைப் பார்க்காமல் ஏலக்காரர் மூணுதரம் சொல்லி முடித்துவிட்டால், தப்பு ஏலக்காரர் மேல். சாடை காட்டியவர் என்ன விலை நினைத்தாரோ அந்த விலைக்கே கூடையைக் கொடுத்துவிட வேண்டும். மறுபேச்சு கிடையாது. அரசப்பன் ஒரு தடவைகூட அப்படி விட்டதில்லை. இதைச் சொல்லும்போது மனிதரின் மீசை தானாக மேலே ஏறும். ஏறட்டும், இதைவிட்டால் பெருமைப்பட அவருக்குத்தான் என்ன இருந்தது?

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், வீட்டில் அவர் ஒரு பொம்மை. விடியும் முன்னே போய்க் கத்திவிட்டு வந்தால் தொண்டையில் சொட்டுக் குரல் மிஞ்சாது. மிஞ்சினாலும் நாளைக்கு வேண்டுமே என்று பூட்டி வைத்துவிடுவார். மனைவி அஞ்சுகத்துக்குக் கிடைத்ததெல்லாம் விரல். ஒரு விரல் என்றால் தண்ணீர், இரண்டு விரல் என்றால் சோறு, உள்ளங்கை என்றால் போதும். மகள் வினோதினியைப் பெண் பார்க்க வந்தவர்கள், சமையலறைப் பக்கம் ஒதுங்கி, "பொண்ணோட அப்பாவுக்குப் பொறவியிலேயே பேச்சு வராதாங்க?" என்று விசாரித்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தொண்டை டாக்டர் கழுத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படியே கத்தினால் இருக்கிற குரலும் சீக்கிரம் போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் சைகைதான் என்று சொல்லிவிட்டார். அஞ்சுகம் அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரிப்பா அது? வயிறு எரிந்த சிரிப்பு.

"தொறமொகத்துல ஒங்க கொரலு முகத்துவாரம் வரைக்கும் கேக்குதாம். எனக்கு என்னைக்குங்க கேட்டுச்சி, போறதுக்கு?" என்றாள்.

அரசப்பன் பதிலுக்கு ஒரு விரலைக் காட்டினார். தண்ணீர் வந்தது. சொம்பை வைத்த சத்தத்தில் கோபம் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன, ஏலம் இல்லை. அஞ்சுகத்தின் தம்பி உத்திராபதி, மதியத் தூக்கத்தை ஒரு நாளும் தவறவிடாத பாக்கியசாலி, பக்கத்துத் தருமபுரத்தில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். "அத்தான், ஒம்பது மணிக்குப் போனாப் போதும். தொண்டைக்குப் பூரண ஓய்வு. தடைக்காலம் முடியற வரைக்கும் இருந்து பாருங்க, புடிச்சா அங்கயே இருந்துடுங்க" என்றான்.

அது நஜீபா அம்மாவின் மௌன இல்லம். அந்த அம்மா காரைக்காலில் பிறந்து, பாரீசில் பாதி ஆயுசைக் கழித்து, பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட, திரும்பி வந்து சொந்த வீட்டையே விடுதியாக்கியவர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து, போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் போவார்கள். அதற்குக் கட்டணம் வேறு. அரசப்பனுக்குத் தலை சுற்றியது. பேசாமல் இருப்பதற்குக் காசென்றால் அஞ்சுகத்துக்குத் தான் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒரு கணம் யோசித்தார். நல்ல வேளை, வெளியே சொல்லவில்லை.

வேலை சுலபம். வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு, அறையைக் காட்ட வேண்டும். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? வாய் பேசாத இடத்தில் கையும் கண்ணும்தானே பேசும். பெங்களூர்க்காரர் காதைச் சொறிந்தார், அரசப்பனின் உதடு தானாக ஒரு விலையை முணுமுணுத்தது. கோயம்புத்தூர் அம்மாள் புருவத்தைத் தூக்கினாள், விலை ஏறியது. நாள் பூராவும் அவர் மண்டைக்குள் இல்லாத மீனுக்கு ஏலம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் நிஜமான மீனே வந்துவிட்டது. இல்லத்தில் சுத்த சைவம். அரசப்பன் மட்டும் தோட்டத்துக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட அனுமதி. அன்றைக்கு அஞ்சுகம் கொடுவா மீனை வறுத்துக் கொடுத்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும் வாசனை சுவரேறிக் குதித்துத் தியான அறைக்குள் போயிருக்கிறது. அவர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு நிமிர்ந்தால் கொட்டகை வாசலில் ஒரு கூட்டம். ஒருவரும் பேசவில்லை. எல்லார் கண்ணும் மிச்சமிருந்த ஒற்றைத் துண்டின் மேல் இருந்தது.

பெங்களூர்க்காரர் காதைச் சொறிந்தார்.

அவ்வளவுதான். அரசப்பன் எழுந்து நின்றுவிட்டார். டப்பாவைத் தூக்கிப் பிடித்து, என்ன தருவீர்கள் என்று கண்ணால் கேட்டார். ஒருவர் பாத்திரம் தேய்ப்பதாகக் காட்டினார். இன்னொருவர் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாகக் காட்டினார். கோயம்புத்தூர் அம்மாள் அரசப்பனின் துணியைத் துவைப்பதாகவே காட்டிவிட்டாள். அடப் பாவமே, சொந்த வீட்டில் வாஷிங் மெஷின் பட்டனைக்கூட அமுக்காத அம்மாளாம். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தொட்டது. நஜீபா அம்மா.

"மூணுதரம்!" என்று அரசப்பன் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் மேலவாஞ்சூர் வரைக்கும் பறந்திருக்கும்.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தார். நஜீபா அம்மா மீனைத் தின்று, முள்ளைத் துப்பி, விரலைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அரசப்பண்ணே, வந்தவங்க முகத்துல இப்பத்தான் உசுரு தெரியுது. தடைக்காலம் முடிஞ்சும் நீங்க இங்கேயே இருக்கணும்."

இந்த வேலையில் உடம்பு தேறியது. தொண்டை தேறியது. மத்தியானத் தூக்கம் வாய்த்தது. குரல் குடம் நிறையச் சேர்ந்துவிட்டது. சேர்ந்து என்ன? மீன் ஏலக் கதையை பஸ் கண்டக்டரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், உத்திராபதியின் தூக்கத்தைக் கெடுத்துப் போனில் சொன்னார். வீட்டுக்குள் காலை வைத்ததும் பழக்கதோஷம், இரண்டு விரல். அஞ்சுகம் சோற்றைப் போட்டாள். அந்தக் கதையை அவள் தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான்.

தடைக்காலத்தின் கடைசி நாள், மீனவப் பஞ்சாயத்துத் தலைவர் தங்கையன் வீட்டுக்கே வந்துவிட்டார். அரசப்பன் இல்லாமல் ஏலத்தை யார் நடத்துவது? அதே சாயங்காலம் நஜீபா அம்மாவும் முடிவு கேட்க வந்து உட்கார்ந்துவிட்டார். அரசப்பனுக்கு வேர்த்தது. இந்தப் பக்கம் இருபத்தைந்து வருஷத்துப் பேர். அந்தப் பக்கம் தொண்டையும் தூக்கமும். முடிவெடுக்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். கொல்லையிலிருந்து மீன் கொட்டுகிற நீலத் தார்ப்பாயை எடுத்துவந்து கூடத்தில் விரித்து, அதன் நடுவில் போய் நின்றார்.

"சரக்கு இந்தா நிக்கிது. ஏலம் விடுறவனும் நாந்தான், மீனும் நாந்தான். கேளுங்க" என்றார்.

தங்கையன் மோவாயைத் தடவினார். "மைக் செட்டு வாங்கித் தாரோம் அரசு. நீ கத்தவே வேணாம்."

நஜீபா அம்மா கண்ணாடியைத் தொட்டார். "ஞாயித்துக்கெழம லீவு."

மறுபடி மோவாய். "ஒத்தாசைக்கு ஒரு ஆளு."

மறுபடி கண்ணாடி. "வாரத்துக்கு ஒரு நாள் இல்லத்துல மீன் சமைக்கலாம். எல்லாருக்கும்."

தங்கையனின் கை மோவாய்க்குப் போகவில்லை. அரசப்பன் குரலை உயர்த்தினார். "ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்."

"நானும் கேட்டேன்" என்றாள் அஞ்சுகம்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"நீ எப்ப கேட்ட?"

"மைக் செட்டுன்னு சொன்னப்பவே முந்தானைய இழுத்துத் தோள்ல போட்டேன். ஞாயித்துக்கெழமைக்கு ஒருவாட்டி போட்டேன். மீனுக்கும் போட்டேன். ஒங்க கண்ணு இந்தப் பக்கமே வரல."

அரசப்பன் முகம் வெளிறிப்போயிற்று. ஒரு கூட்டமே நின்றாலும் ஒரு புருவத்தைத் தவறவிடாத மனிதர். தங்கையனைப் பார்த்தார். தங்கையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் அரசு. பாக்காம விட்டது ஒன் தப்பு. தங்கச்சி சொல்ற வெலைக்குத்தான் போவணும்."

"என்ன வெல கேட்ட?" என்றார் அரசப்பன். குரல் கம்மியது, இந்தத் தடவை தொண்டைக் கோளாறு இல்லை.

"காலையில ஒரு காப்பி குடிக்கிற நேரம். எங்கூட ஒக்காந்து வாயால பேசணும். வெரலக் காட்டக் கூடாது."

"எந்த வேலைக்குப் போவட்டும்?"

"அது ஒங்க பாடு. காலையில காப்பி எங்கூட."

துறைமுகத்து ஏலம் நடப்பதும் அந்த நேரத்தில்தான். தங்கையனுக்கு விளங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வரேன் தங்கச்சி" என்று கிளம்பினார். நஜீபா அம்மா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து மடிக்க உதவினார்.

தடைக்காலம் முடிந்த மறுநாள் காலை, துறைமுகத்தில் புதிதாக ஏலம் விடுகிற சிவபாலனின் குரல் மைக் செட்டில் ஏறிக் காற்றில் வந்தது. அரசப்பனின் உதடு தானாக ஒரு விலையை முணுமுணுத்தது. காப்பி டம்ளரோடு அஞ்சுகம் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் விரல் ஒன்று பாதி எழும்பியது. அவள் பார்த்ததும் மடக்கிக்கொண்டார்.

"அஞ்சுகம்."

"சொல்லுங்க."

"நேத்திக்கு மூணு வாட்டி கேட்டேன்னியே. அதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேன்."

"மொத மொதல்ல எப்ப கேட்ட?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கல்யாணத்துக்கு மறுநாளு. வெடியக் காலம்பர நீங்க கெளம்பறப்ப, இந்த நெலப்படியிலதான் நின்னேன்."

அரசப்பன் அந்த நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, கொடுவா மீன் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.